மேலே அனுப்புகிறவள்

“வீட்டுல வாயே திறக்க மாட்டேங்குறே, அங்கே போய் விமானத்துக்கெல்லாம் எப்படிம்மா உத்தரவு போடுறே?”

கல்யாணமான புதிதில் மாமனார் அவளிடம் இப்படிக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை; அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவள் சிரித்து வைத்துவிட்டு, காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதில் அவளிடம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்திலேயே அவள் அப்படித்தான். வருகைப் பதிவின்போது அவள் சொல்லும் ‘உள்ளேன்’ உதட்டைத் தாண்டாது. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவளாகப் பதிவானாள். அப்படிப்பட்டவளை விமான நிலையத்து ரேடார் அறையில் உட்கார வைத்ததும் பேச்சு தானாக வந்தது. அங்கே பேச்சுக்கு ஒழுங்கு உண்டு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வர மாட்டார். சொன்னதைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்வார்; தவறாகச் சொன்னால் திருத்தலாம், யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதில் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது என்று பிரித்தெடுப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். உலகத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கும் இடம் ஒன்றுதான் இருந்தது. அது அந்த அறையில், கைப்பிடித் தோல் கிழிந்துபோன அந்த நாற்காலி.

அந்த நாற்காலிக்குத்தான் இன்றைக்குப் பரீட்சை.

அவள் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கோபுரத்தின் அடித்தளத்தில், பகலிலும் விளக்கைத் தணித்து வைத்திருக்கும் குளிர்ந்த அறை. அவள் கணவன் உட்காருவது அதே கோபுரத்தின் உச்சியில், சுற்றிலும் கண்ணாடி போட்ட அறையில். அவனுக்கு ரன்வே தெரியும், வானம் தெரியும், வேலியோரத்து நாய்கூடத் தெரியும். அவளுக்குத் தெரிவதெல்லாம் திரையில் நகரும் புள்ளிகளும் பக்கத்தில் அவற்றின் உயரத்தைச் சொல்லும் எண்களும்தான். மாமனார் இதையும் விடவில்லை. “மகன் மேல்வீடு, மருமக கீழ்வீடு. வாடகை யாருக்கு யார் தர்றீங்க?” என்பார்.

ஒரே குடும்பத்து இரண்டு பேரை ஒரே ஷிப்ட்டில் போடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. ஆள் போதாத இடத்தில் அந்தப் பேச்சு பேச்சாகவே நின்றுவிடும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நேரடித் தொலைபேசி இருந்தது. பொத்தானை அழுத்தினால் மேலே அவன். அவன் அவளை இருக்கையின் பெயரால் “அப்ரோச்” என்பான். அவள் அவனை “டவர்” என்பாள். வேலை நாட்களில் கணவனும் மனைவியும் வீட்டில் பேசியதைவிட அந்தக் கம்பியில் பேசியதுதான் அதிகம். எல்லாம் பதிவாகும் கம்பி என்பதால் அதில் கொஞ்சலும் கிடையாது, கோபமும் கிடையாது.

வேலைப் பங்கீடு இப்படி. தூரத்திலிருந்து வரும் விமானங்களை அவள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு வரிசைப்படுத்தி, ரன்வேயை நோக்கித் திருப்பிவிடுவாள். அங்கே தரையிலிருந்து இரண்டு அலைகள் விமானத்தை எதிர்கொண்டு போகும். ஒன்று ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும். இன்னொன்று இறங்க வேண்டிய சரிவைக் காட்டும். அதை எல்லோரும் ‘கிளைட்’ என்பார்கள். விமானியின் முன்னால் இரண்டு முட்கள். இரண்டும் நடுவில் நின்றால், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிப் பனிமூட்டம் இருந்தாலும் அவர் ரன்வே வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுவார். விமானம் அந்த அலைகளைப் பிடித்துக்கொண்டதும் அவள், “இனி டவரிடம் பேசுங்கள்” என்று விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அந்த விமானம் அவனுடையது. அவள் பார்த்துக்கொண்டிருக்கலாம், பேச முடியாது.

அவளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘மேலேபோ மேடம்’. காரணம் இல்லாமல் இல்லை. சமீபத்தில் இரண்டு முறை, இறங்க வந்த விமானத்தை அவள் நடுவழியில் நிறுத்தி மறுபடி மேலே ஏற்றிவிட்டாள். ஒரு முறை, முன்னால் போனதற்கும் பின்னால் வந்ததற்கும் இடையில் இடைவெளி சுருங்குவதாக அவளுக்குப் பட்டது. இன்னொரு முறை, விமானம் திரும்பிய விதமும் வேகமும் பிடிக்கவில்லை. இரண்டையும் விசாரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, “விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது” என்று எழுதிவிட்டார்கள். அவள் அதை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? நடந்ததற்குச் சாட்சி கிடைக்கும். நடக்காமல் போனதற்கு யாரைக் கூட்டிக்கொண்டு வருவது?

அதனால்தான் இன்றைக்குப் பரிசோதகர் வந்து அவள் பின்னால் உட்காரப்போகிறார். அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தால், நாற்காலி போய்விடும். மாடிப்படிக்குக் கீழே, பயணத் திட்டங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தும் மேசை காத்திருந்தது. அங்கே யாரிடமும் பேச வேண்டாம். மற்றவர்களுக்கு அது நிம்மதியான வேலை. அவளுக்கு அது மறுபடியும் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வராதவளாகப் போவது.

காலையில் ஸ்கூட்டரில் வரும்போது கணவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் யாரையும் மேலே அனுப்பாதே, அந்த அம்மா ஊருக்குப் போனதும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்பு, நானே வழியனுப்பி வைக்கிறேன் என்று. அவள் பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். சிரிக்கவில்லை.

பரிசோதகரை எல்லோரும் ‘பெரியம்மா’ என்பார்கள், அவர் முதுகுக்குப் பின்னால். முன்னால் நின்றால் மேடம். யாரையும் திட்டாமலே திட்டு வாங்கிய மாதிரி ஆக்கிவிடுவதில் கெட்டிக்காரர். வந்தவர் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கோ” என்றார். அதைச் சொன்ன பிறகு அவர் அறை முழுக்க இருந்தார்.

விடியும்போது வானம் துடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அதை நம்பித்தான் டவர், புல் வெட்டும் ஆட்களை உள்ளே விட்டது. கிளைட் அலையை அனுப்பும் கம்பம் ரன்வே ஓரத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் புல்லை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும்; வளர்ந்தால் அலை கெடும். அங்கே பெரிய இரும்பு எதுவும் நின்றாலும் கெடும். அதனால் வெட்டுகிற வேலையைத் தெளிவான வானத்தில்தான் செய்வார்கள், பனி இறங்கினால் எல்லோரையும் வெளியே கூப்பிட்டுவிடுவார்கள்.

வெயில் வந்ததும் தரையிலிருந்து பனி கிளம்பியது. சில நாள் அப்படித்தான். சூரியன் வந்தால் போக வேண்டியது, சூரியன் வந்ததும் எழுந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டுக்காரனுக்கும் கீழ்வீட்டுக்காரிக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. கண்ணாடி அறையைச் சுற்றி வெள்ளை மட்டும்தான். புல் வெட்டும் ஆட்களை வெளியே கூப்பிட்டுவிட்டு டவர் விதிப்படி அறிவித்தது: பனிமூட்ட ஏற்பாடு அமலில், விமானக் களம் காலி, கிளைட் பயன்படுத்தலாம்.

முதல் விமானத்தை அவள் திருப்பிவிட்டாள். விமானி அலைகளைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். டவரிடம் அனுப்பினாள். வழக்கம்போல அதன் எண்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மைலில் ஆயிரத்து முன்னூறு அடி இருக்க வேண்டியது ஆயிரத்துக்குத் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்து, ஒழுங்காகி, இறங்கிவிட்டது. டவர் கம்பியில், “இறங்கியாச்சு” என்றது. அவ்வளவுதான். விமானி கொஞ்சம் அலட்சியமாக ஓட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கும் அது தாழவில்லை.

இரண்டாவது விமானம் வேறு கம்பெனி, வேறு ரகம், வேறு குரல். நிதானமான குரல், வீட்டில் பெரியவர் பேசுகிற மாதிரி. அதுவும் அலையைப் பிடித்தது. அதையும் டவரிடம் விட்டாள். ஐந்து மைலில் சரியாக இருந்தது. அதைத் தாண்டியதும் எண்கள் வேகமாகக் கரையத் தொடங்கின. அதே இடம்.

அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. அந்தச் சரிவுக்குக் கீழே ஒரு மேடும் மேட்டின் மேல் ஊருக்குத் தண்ணீர் தரும் பெரிய தொட்டியும் இருந்தன. ஓர் ஆள் தாழ்ந்தால் அது அந்த ஆளின் கை. வெவ்வேறு ஆள் இரண்டு பேர் ஒரே இடத்தில் தாழ்ந்தால், அவர்கள் கையில் என்ன இருக்கிறது? தவறு அவர்களை இழுத்துக்கொண்டு போகும் பாதையில்தான் இருக்க வேண்டும். ஆனால் பாதை சரி என்றல்லவா எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்?

பின்னால் பெரியம்மாவின் கைப்பை ஜிப் சத்தம் கேட்டது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

“டவர், அப்ரோச். வர்றவரை மேலே அனுப்புங்க.”

“காரணம்?”

“அப்புறம். மேலே அனுப்புங்க.”

கம்பியில் ஒரு மூச்சு அளவு மௌனம். பிறகு அவன் கேட்டான்.

“இன்னிக்கா?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பியில் வந்த முதல் வீட்டுச் சொல் அது. டவர் கேட்கவில்லை, ஸ்கூட்டரில் முன்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்பவே.”

அடுத்த கணம் எண்கள் கரைவது நின்றது. நின்று, தயங்கி, அவை ஏறத் தொடங்கின. அவன் சொல்லிவிட்டான்.

மேலே ஏறியதும் விமானம் மறுபடி அவள் அலைவரிசைக்கு வந்தது. அந்த நிதானமான குரல் இப்போது கொஞ்சம் சுருங்கியிருந்தது. காரணம் தெரிந்துகொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டது. கிளைட் மேல் சந்தேகம் என்றாள். விமானி, முள் ஆடவே இல்லை, கடைசி வரை நடுவில்தான் நின்றது, நான் சரியாகத்தான் இருந்தேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. முள் ஆடியிருந்தால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாமே அவளுக்கு எதிராகத் திரும்பியது. கருவிப் பொறியாளரைக் கேட்டார்கள். கம்பத்தின் விளக்குகளெல்லாம் பச்சையாக எரிகின்றன, ஒரு குறையும் இல்லை என்றார். டவரைக் கேட்டார்கள், டவர் வாயிற்காவல் அறையைக் கேட்டது. களத்துக்குள் போகும் ஒவ்வோர் ஆளும் ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். எப்போதோ ஓர் ஆளை உள்ளேயே மறந்து விளக்கை அணைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து வந்த பழக்கம். எல்லா டோக்கனும் ஆணியில் இருக்கிறது என்றார் காவலர். ஆக, களமும் காலி.

மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த விமானி, இன்னொரு முறை முயற்சி செய்ய எரிபொருள் இருக்கிறது, கிளைட் கிடைக்குமா, இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். கிளைட் இல்லாமல் நடுக்கோட்டு அலையை மட்டும் பிடித்து இறங்கலாம்தான். ஆனால் அதற்குத் தரை சீக்கிரமே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பனியில் நடக்காது. ‘கிளைட் கிடையாது’ என்று அவள் சொல்லிவிட்டால் விமான நிலையம் மூடின மாதிரிதான். இன்னொரு விமானமும் தூரத்தில் திரையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

பெரியம்மா ஹெட்போனின் ஒரு காதைத் தூக்கிவிட்டார்.

“கருவி சரிங்கறாங்க. களம் காலிங்கறாங்க. விமானியும் முள் சரியா இருந்துச்சுங்கறார். நீ என்ன பண்ணப் போறே?”

கேட்ட விதத்தில் பரீட்சைக் கேள்வியா, நிஜக் கேள்வியா என்று தெரியவில்லை. அவளுக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மேசை கண்முன்னால் வந்தது. முத்திரையின் மரக் கைப்பிடிகூடத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டால் போதும். மூன்று பேர் சரி என்ற பிறகு சரி என்பதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கப் போவதில்லை. தவறாகப் போனாலும் பழி நான்காகப் பங்கு பிரிந்துவிடும். அவள் கையில் இருந்தது என்ன? ஒரே இடத்தில் கரைந்த இரண்டு எண்கள். வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். மற்றதெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு, இன்னொருவர் திருப்பிச் சொன்னது.

விமானியிடம், கிளைட் கிடையாது என்றாள். அவர் திருப்பிச் சொல்லிவிட்டு, வேறு ஊருக்கு வழி கேட்டார். கொடுத்தாள். அத்தனை பயணிகளும் அவர்களுக்காக வாசலில் காத்திருப்பவர்களும் அவள் பெயர் தெரியாமலே அவளைத் திட்டப்போகிறார்கள் என்று தோன்றியது. பிறகு பொத்தானை அழுத்தினாள்.

“டவர், அப்ரோச். கம்பத்துக்கு முன்னால புல்லுல ஒரு ஜீப் அனுப்பிப் பார்க்கணும்.”

“டோக்கனெல்லாம் மாட்டியாச்சு, அப்ரோச்.”

“தெரியும்.”

“களம் காலின்னு நான்தான் சொல்லியிருக்கேன்.”

“தெரியும். அனுப்புங்க.”

அவன் சொன்னதை அவள் நம்பவில்லை என்று இதைவிடப் பச்சையாக ஒரு மனைவி கணவனிடம் சொல்ல முடியாது. அதுவும் பதிவாகும் கம்பியில், பெரியம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது. வீட்டில் சமையலில் உப்பு குறைவு என்று அவன் சொன்னால், குறையவில்லை என்று சொல்லத் தெரியாமல் உப்பை எடுத்து நீட்டுகிறவள் அவள். மேலே அவன் இன்னொரு தொலைபேசியை எடுப்பது கேட்டது. பிறகு, “ஜீப் போகுது” என்றான்.

காத்திருக்கும் நேரத்தில் திரை ஓரத்து விமானத்தை அவள் ஒரு வட்டத்தில் போட்டு வைத்தாள்.   ஜீப் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தாள். அப்போதும் கிளைட் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அப்படி நினைத்ததும் ஆச்சரியமாக உள்ளங்கை காய்ந்துவிட்டது.

கம்பியில் விளக்கு மினுங்கியது.

“அப்ரோச், டவர்.” அவன் குரல் தேய்த்துவைத்த துணி மாதிரித் தட்டையாக இருந்தது. “கம்பத்துக்கு நேர் முன்னால ஒரு டிராக்டர் நிக்குது. புல் வெட்டுற கத்திச் சட்டத்தோட. ஆள் இல்ல.”

பிறகு விசாரித்ததில் எல்லாம் தெரிந்தது. டிராக்டர் ஓட்டுகிறவர் பனி எழுந்தபோது புல்லுக்கு நடுவில் இருந்தார். மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் கை தெரியவில்லை. இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, திசை தப்பி, ரன்வேயில் ஏறிவிட்டால்? அந்த மனிதர் தன் அறிவுக்கு எட்டிய வரை யோசித்து, மிகப் பத்திரமானதைச் செய்தார்: என்ஜினை அணைத்துவிட்டு, வேலியைத் தடவிக்கொண்டே நடந்து வெளியே வந்தார். டோக்கனை ஆணியில் மாட்டினார். வண்டி எங்கே என்று காவலர் கேட்டிருக்கிறார். புல்லில்தான் நிற்கிறது, ரன்வேயில் இல்லை என்றாராம். ரன்வேயில் இல்லையென்றால் சரிதானே என்று காவலரும் விட்டுவிட்டார். டவர் கேட்டது டோக்கன் எல்லாம் வந்ததா என்று, வந்துவிட்டது. ஆட்களைத்தான் எண்ணினார்கள். இரும்பை யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் இதுவரை இரும்பு ஆளில்லாமல் உள்ளே தங்கியதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருந்தார்கள். சரிகளாலேயே கோர்த்த சங்கிலியின் நுனியில், வளைந்துபோன ஓர் அலை தொங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தின் விளக்குகள் பச்சையாக எரிந்ததும் நியாயம்தான்; கம்பம் நல்ல அலையைத்தான் அனுப்பியது, அது டிராக்டரில் பட்டு எங்கே வளைந்து போனது என்பது அதற்குத் தெரியாது.

டிராக்டரை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். பனி கொஞ்சம் இளகியது. வட்டத்தில் இருந்த விமானத்தை அவள் கூப்பிட்டுத் திருப்பினாள். நான்கு மைலில் ஆயிரத்து முன்னூறு. அந்த எண்ணை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது மாறிய பிறகும்.

பெரியம்மா ஹெட்போனைக் கழற்றி, கம்பியைச் சுற்றி மேசையில் வைத்தார்.

“உன் நாற்காலி உன்னுதுதான். எழுதிடறேன்” என்றார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “ஆனா முன்னாடி ரெண்டு தடவை அனுப்பினியே, அது ரெண்டும் இன்னிக்கும் எனக்குத் தப்புதான். இது சரியாப் போச்சுங்கறதுக்காக அது சரியாயிடாது.”

“சரி, மேடம்.”

“நீ என்ன நெனக்கிறே?”

“எனக்குத் தெரியல, மேடம். அன்னிக்கு யாரும் ஜீப் அனுப்பல.”

பெரியம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. பிறகு முகம் மாறியது. இனி கேட்கப்போவதுதான் தனக்குப் பிடிக்காத வேலை என்பதுபோல நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“களம் காலின்னு உனக்குச் சொன்னது யாரு?”

பதிவில் இருக்கிறது. அவள் சொல்லாவிட்டாலும் இருக்கும். ஆனாலும் கேட்கிற இடத்தில் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார். அது அந்த அறையின் ஒழுங்கு. அவளுக்குப் பேச்சைக் கொடுத்த ஒழுங்கும் அதுதான்.

“டவர்” என்றாள்.

“டவர்” என்று திருப்பிச் சொன்னார் பெரியம்மா. “அப்புறம் அந்த ‘இன்னிக்கா’. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேட்க மாட்டேன். ஆனா கேட்கறவங்க கேட்பாங்க. உன்னையும் கேட்பாங்க, அவரையும் தனியா உட்கார வெச்சுக் கேட்பாங்க. எத்தனை நாள் ஆகும்னு தெரியாது. அதுவரைக்கும் அவர் மேல உட்கார முடியாது.”

அவன் ஒரு மூச்சுதான் தாமதித்தான், கேட்டதும் அனுப்பிவிட்டான், டோக்கனைப் பற்றி அவன் கேட்டது விதியில் உள்ளபடியேதான் என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்லவும் செய்தாள். குரல் சரியாகத்தான் வந்தது. பெரியம்மா தலையாட்டிக்கொண்டார், அதெல்லாம் எழுதப்படும், ஆனால் அதனால் எதுவும் உடனே மாறாது என்கிற தலையாட்டல். எழுந்து, அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு, தொட்டது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல வேகமாக வெளியேறினார்.

பனி விலகியதும் விமான நெருக்கம் கூடியது. காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். பொத்தானை அழுத்தியபோது மேலேயிருந்து வேறு குரல் “டவர்” என்றது. மாற்று ஆள் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு ஒரு கணம் அடுத்த வார்த்தை வரவில்லை. பிறகு வந்தது.

கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்குகிற இரும்புப் படி அவள் அறை வாசலில்தான் முடியும். அதில் இறங்கி வரும் காலடியை அவள் ஹெட்போனையும் மீறிக் கேட்டாள். இருக்கையிலிருந்து எழுப்பப்பட்டவர், தன் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கும்வரை சம்பந்தப்பட்ட யாரிடமும் நடந்ததைப் பற்றிப் பேசக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களில் அவள்தான் முதல் ஆள். அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டிலும் அப்படித்தானா என்று விதியில் எழுதவில்லை.

காலடி வாசலில் நின்றது. அவள் அப்போது ஒரு விமானத்துக்கு உயரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். விமானி திருப்பிச் சொல்லத் தொடங்கினார். பாதியில் ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னார். அவள் திருத்தினாள். அவர் மறுபடி சொன்னார். இப்போது சரி. அதற்குள் இன்னொருவர் கூப்பிட்டார். முதுகில் யாரோ பார்ப்பது தெரிந்தும் அவளால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் திரை அவளுக்குப் பின்னால் போய்விடும்.

அவன் அவசரப்படவில்லை. அவள் இரண்டாவது ஆளுக்கும் சொல்லி முடித்து, அவர் திருப்பிச் சொல்லியும் முடிக்கும்வரை நின்றான். சின்ன இடைவெளி ஒன்று கிடைத்தது. அவள் நாற்காலியை அரைவாசி சுழற்றினாள்.

அவன் கையில் ஹெட்போன் பை இருந்தது, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் திரையைப் பார்த்தான், அங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று வேலை தெரிந்தவன் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு புள்ளியாக. பார்த்து முடித்ததும் கதவைச் சத்தம் வராமல் பிடித்துச் சாத்திவிட்டு, நடை வழியே வெளி வாசலுக்குப் போனான்.